விசில் அடித்தால் மட்டும்

என்ன ஆச்சி, முறைக்கீங்க? எந்திக்க மாட்டேன். கண்டக்டர் வந்து சொன்னாலும் மாட்டேன். "வயசானவங்க நிக்காங்க, குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு"ன்னு முன் சீட்டு அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. அவ்வளவு கரிசனம் இருந்தா அவங்க எந்திக்க வேண்டியதுதானே. அவங்களும் எந்திக்கல.

பையைக் குடுங்க, மடியில வச்சிக்கிடுதேன். அதுக்குக் கூட மாட்டேன்னு சொல்லல. அம்மாடி, கல்லா கட்டி வச்சிருக்கீங்க? சரி, சொல்ல வேண்டாம். கம்பியைப் பிடிச்சுக்கோங்க. காலை ஒட்டி வைக்காதீங்க, கொஞ்சம் அகட்டி வைங்க. முட்டியை விறைக்காதீங்க. அப்படித்தான். இனிமே வண்டி எப்படி ஆடினாலும் விழ மாட்டீங்க. எங்க பெரியப்பா அப்படித்தான் நிற்பார். அவர் கம்பியைக் கூடப் பிடிக்க மாட்டார்.

அவர் கண்டக்டரா இருந்தவர். சங்கரலிங்கம்னா இந்த ரூட்டில் தெரியாதவங்க கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவர் வண்டியில் ஏறியிருக்கேன். ஒரு கையில் டிக்கெட் கட்டு, ஒரு கையில் சில்லறை, அக்குளில் பை. வண்டி பள்ளத்தில் விழும், எல்லாரும் மேலே போய்க் கீழே வருவோம். அவர் மட்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்பார். சீட்டு காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். "உக்காந்தா தூக்கம் வரும்ட்டி" என்பார்.

அப்படி நின்ற காலை நான்தான் கெடுத்தேன்.

இல்லை, அப்படிச் சொன்னால் அதுவும் பொய். முதலில் கெடுத்தது காய்ச்சல். போன மழைக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். படுத்தவர் படுத்தவர்தான். வீட்டுக்கு வரும்போது நெஞ்சு சரியாகிவிட்டது, கால்தான் முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்டது. அவர் கெண்டைக்கால் எப்படி இருக்கும் தெரியுமா? உருண்டு திரண்டு இருக்கும். அது எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

பெரியம்மா இல்லை, முன்பே போய்விட்டார். மகன் நாயகம் அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலை. நான் அப்போதுதான் ப்ளஸ் ஒன்னில் நின்றிருந்தேன். ஃபெயிலாகவில்லை, நானாகத்தான் நின்றேன். கணக்கு சார் போர்டில் ஒரு கணக்கை முடிப்பதற்குள் எனக்குக் கை அரிக்கும். எழுந்து போய் நானே அழித்துவிடலாமா என்று இருக்கும். அங்கே உட்கார முடியாது, அவ்வளவுதான். வீட்டில் சும்மா கிடக்கிறாளே என்று அம்மா என்னைப் பெரியப்பாவுக்குத் துணையாக அனுப்பிவிட்டாள். பொறுமையே இல்லாதவளைப் பொறுமையான வேலைக்கு அனுப்பினால் அது யார் தப்பு? நான் கேட்கத்தான் செய்தேன்.

ரெஜினா அக்கா என்று ஒருத்தர் வாரா வாரம் வருவார். பிசியோதெரபி படித்தவர். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே பெரியப்பா காலைத்தான் பார்ப்பார். முதல் நாளே என்னை உட்கார வைத்துச் சொன்னார். "காய்ச்சல் போயிருச்சு மாரீஸ். ஆனா படுத்த படுக்கையில சதை கரைஞ்சிருக்கு. இந்த வயசுல அது போறது சுருக்கா போயிரும், வாரது மெதுவாத்தான் வரும். மாத்திரை கிடையாது. உக்காந்து எந்திக்கணும், அதுதான் மருந்து. ஜன்னல் கம்பியைப் பிடிச்சிட்டு குதிங்காலைத் தூக்கி இறக்கணும். முட்டையும் சுண்டலும் சாப்பிடணும். எந்திக்கும்போது நீ கை குடுக்கக் கூடாது. விழுந்துருவார்னு தோணுச்சுன்னா மட்டும் பிடி."

புரிகிறதுதானே? எனக்கும் புரிந்தது. நான் ஒன்றும் மக்கு கிடையாது.

ஆனால் ஒரு மனுஷன் நாற்காலியிலிருந்து எந்திப்பதை நீங்க பக்கத்தில் நின்று பார்த்திருக்கீங்களா? முதலில் முன்னால் நகர்ந்து உட்காருவார். பிறகு காலை உள்ளே இழுப்பார். பிறகு ஒரு மூச்சு. பிறகு வேஷ்டியைச் சரி செய்வார். பிறகு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு குனிவார். அடுப்பில் பால் பொங்கும், போனில் மெசேஜ் வந்து விழும், அவர் இன்னும் குனிந்துகொண்டே இருப்பார். எனக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊறும். என்ன செய்வேன்? அக்குளில் கையைக் கொடுத்து ஒரே தூக்கு. முடிந்தது. எனக்குக் கையில் பலம் உண்டு ஆச்சி. பாத்ரூமுக்கு ஒரு தூக்கு, சாப்பாட்டுக்கு ஒரு தூக்கு, படுக்கைக்கு ஒரு தூக்கு. அப்புறம் சாப்பாட்டைக் கையிலேயே கொண்டு வந்து கொடுத்துவிட்டேன். அப்புறம் தண்ணீர், பேப்பர், வெற்றிலைச் செல்லம், எல்லாம் நாற்காலிக்கே போய்விட்டது. சட்டைப் பொத்தானைக் கூட நான்தான் போட்டேன். அவர் விரல் பொத்தானைத் தேடுவதற்குள் நான் மூன்றைப் போட்டுவிடுவேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் அத்தை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "பெத்த மக கூட இப்படிப் பாக்க மாட்டா. மனுஷனைத் தரையில கால் வைக்க விட மாட்டேங்கா." எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் என்னை யாரும் நல்ல பிள்ளை என்று சொன்னது கிடையாது. இங்கே தெருவே சொன்னது. நானும் அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். பாசம் இல்லை. எனக்கு அவசரம்.

பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். "விடுட்டி, நான் எந்திப்பேன்" என்று ஒரு தடவை அதட்டியிருந்தால் விட்டிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் உச்சுக் கொட்டுவது காதில் விழும். உடனே கையைத் தூக்கிக் காட்டுவார், தூக்கிக்கோ என்று. முப்பது பேரை ஒரு பார்வையில் எண்ணுகிற மனுஷன். என் அவசரம் அவருக்குத் தெரியாதா?

கண்டக்டர் விசில் அடிக்கிறார் பாருங்க. இந்தச் சத்தம் கேட்டாலே என் கை தானாகப் பின்னால் போய்விடுகிறது. ஏன் என்று சொல்லுதேன், இருங்க.

தை மாதம் என் சிநேகிதி வீட்டில் சடங்கு. அவள் தங்கச்சிக்கு. காலையிலேயே பெரியப்பாவைக் குளிப்பாட்டி, இட்லி கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். முறுக்கு வைத்தேன். ஃபேனைப் போட்டேன். கதவை வெளியே பூட்டினேன், யாராவது வந்துவிடுவார்களே என்று. எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அங்கே மருதாணி, போட்டோ, பிரியாணி. வேன் பிடித்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

கதவைத் திறந்தேன். வைத்த இடத்தில் வைத்த மாதிரி இருந்தார். நான் வைத்த தண்ணீரைக் குடித்திருந்தார். வேஷ்டி நனைந்திருந்தது. நாற்காலிக்குக் கீழே ஓடிக் காய்ந்திருந்தது.

போன் அலமாரியில் சார்ஜில் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் எட்டும். சத்தம் போட்டிருந்தால் சண்முகத்தாய் அத்தை ஜன்னலுக்கு வந்திருப்பாள். போடவில்லை. அந்தக் கோலத்தில் அவளை எப்படிக் கூப்பிடுவார்? தைப் பனியில், ஓடுகிற ஃபேனுக்குக் கீழே, ஈரத்தில், பகல் முழுக்க. எத்தனை தடவை எந்திக்கப் பார்த்தாரோ. நாற்காலி கொஞ்சம் கோணலாகத் திரும்பியிருந்தது.

என்னைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா? "வந்துட்டியாட்டி. அந்த ஃபேனை அமத்து. காலையிலருந்து வீணா ஓடுது."

அவ்வளவுதான். திட்டவில்லை. நான் ஃபேனை அமத்தினேன். அது நிற்கிறவரைக்கும் கடகடவென்று சத்தம் போடும், பழைய ஃபேன். அது நின்ற பிறகு எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவரைத் தூக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பையில் ஏதோ கசியுது ஆச்சி. தயிரா? பரவாயில்லை, தாவணியில்தான். இருக்கட்டும்.

அந்த வாரம் ரெஜினா அக்கா வந்து எந்திக்கச் சொன்னார். பெரியப்பாவால் முடியவில்லை. முதல் வாரம் கைப்பிடியை ஊன்றி எந்தித்தவர், இப்போது உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடினார். அக்கா அவர் தொடையைப் பிடித்துப் பார்த்தார். "யாரு தூக்குறது?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். பெரியப்பா சிரித்துக்கொண்டே சொன்னார், "நாந்தாம்மா தூக்கச் சொன்னேன். சோம்பேறித்தனம். பிள்ளை மேல தப்பு இல்ல."

அப்படி ஒரு பொய். வாழ்நாளில் டிக்கெட் எடுக்காதவனைக் கூட ஏமாற்றாத மனுஷன்.

ஸ்கூட்டி பக்கத்தில் வைத்து அக்கா என்னைக் கேட்டார். "அவர் தூக்கச் சொன்னாரா?"

"சொல்லல."

"நீ கேட்டியா, தூக்கவான்னு?"

"கேக்கல."

"பின்ன ஏன் தூக்கின?"

"லேட்டாகுதுக்கா."

"யாருக்கு?"

வண்டியை எடுத்துப் போய்விட்டார். எனக்கு அந்த அக்கா மேல் அவ்வளவு கோபம். தெருவே மெச்சுகிறது, இவர் ஒருத்தர் மட்டும் ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். படுத்தால் அந்த வார்த்தை வரும். பாத்திரம் தேய்த்தால் வரும். யாருக்கு.

அதற்குப் பிறகுதான் விசில். அது பெரியப்பாவின் யோசனை. சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய விசிலை எடுக்கச் சொன்னார். கழுத்தில் மாட்டிக்கொண்டார். "ரெண்டு விசில் அடிச்சா வண்டி கிளம்புதுன்னு அர்த்தம். நீ கையைப் பின்னால கட்டிக்கோ. ஒரு விசில் அடிச்சேன்னா நிப்பாட்டு, வந்து பிடி. விசில் அடிச்சா மட்டும்தான் பிடிக்கணும். என் மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணாத. என்ன?"

"சரி."

"வாயால சொல்லாத. கையைக் கட்டு."

கட்டினேன். அதைப் போலக் கஷ்டம் எனக்கு எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தினோம், அப்புறம் ஒன்று, அப்புறம் அதுவும் இல்லை. ரெண்டு விசில். குனிவார், பின்பக்கம் நாற்காலியை விட்டுக் கிளம்பும், பாதியில் தொங்குவார். தொடை ரெண்டும் நடுங்கும் பாருங்க, வேஷ்டிக்கு மேலேயே தெரியும். முகம் சிவந்து போகும். நான் பின்னால் என் கையை நானே நகம் பதியப் பிடித்திருப்பேன். சில நாள் தொங்கி, தொப்பென்று மறுபடி உட்கார்ந்துவிடுவார். விசிலை வாயில் வைத்தபடியேதான் எல்லாம். ஆனால் அந்த ஒற்றை விசிலை அவர் ஒரு நாளும் அடிக்கவில்லை.

சண்முகத்தாய் அத்தை ஜன்னலில் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் சொன்னாள். "அந்தப் பிள்ளை மாறிப்போச்சு. மனுஷன் நடுங்குதாரு, இவ கையைக் கட்டிட்டு வேடிக்கை பாக்கா. விசில் வேற." அவ்வளவுதான் என் நல்ல பேர்.

நாயகம் அண்ணன் போன் செய்து சொல்லிவிட்டது. "வந்து பாப்பேன். அப்பா தானா எந்திச்சார்னா அங்க இருக்கட்டும். இல்லன்னா கையோட ஓசூருக்குக் கூட்டிட்டு வந்துருவேன்." அண்ணன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பெரியப்பாவுக்கு ஒரே ஆசைதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய், டிப்போ ஆட்களோடு நின்று ஒரு டீ குடிக்க வேண்டும். எந்த வண்டி லேட்டு, எவன் புது டிரைவர் என்று பார்க்க வேண்டும். ஓசூர் போனால் படி இறங்க மாட்டார். அண்ணியும் நல்லவங்க. எல்லாத்தையும் கையில் கொண்டு வந்து கொடுப்பாங்க. எனக்குப் பயமே அதுதான்.

அண்ணன் இன்றைக்குக் காலையில் வந்தது.

வந்த உடனே, காப்பி கூடக் குடிக்காமல், "எந்திங்கப்பா பாப்போம்" என்றது. பெரியப்பா சவரம் பண்ணி, வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு விசில் அடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். குனிந்தார். கிளம்பினார். பாதியில் நின்றார். நடுக்கம் வந்தது. அது வழக்கமாக வருவதுதான், நேற்றும் வந்தது, நேற்று அதைத் தாண்டி எந்தித்துவிட்டார். ஆனால் அண்ணன் நேற்றுப் பார்க்கவில்லையே. "ஐயோ அப்பா"ன்னு பாய்ந்து வந்து அக்குளில் கையைக் கொடுத்தது. விசில் அடிக்கவே இல்லை ஆச்சி. அவர் விசில் அடிக்கவே இல்லை.

நான் அண்ணன் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். நகம் பட்டு ரத்தம் வந்துவிட்டது. பெரியப்பா நாற்காலியில் விழுந்தார்.

"உனக்குப் பைத்தியமா?" என்று அண்ணன் கத்தியது. "நீதான தூக்கித் தூக்கி இவரை இந்தக் கதிக்குக் கொண்டு வந்த? ரெஜினா எல்லாம் சொன்னாங்க. இப்ப எங்கப்பாவை நான் தொடக் கூடாதா? போதும் தாயி. வீட்டுக்குக் கிளம்பு."

அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. துணியை எடுத்துப் பையில் திணித்தேன். பெரியப்பா வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அவருக்கு இப்போது வார்த்தையும் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். நான் நிற்கவில்லை. படி இறங்கி, தெரு தாண்டி, ஓடி வந்து இந்த வண்டியில் ஏறிவிட்டேன். அதைக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

இப்போது தெரியுதா ஏன் எந்திக்கலைன்னு? உங்க காலுக்குத்தான் நல்லது.

இருங்க. போன்.

பெரியப்பாதான்.

"சொல்லுங்க பெரியப்பா... பஸ்ல... உக்காந்துதான் இருக்கேன்... ஆமா, ஒரு ஆச்சி நிக்காங்க... சரி. சரி, அதை விடுங்க. அண்ணன் எங்க?... டீ வாங்கவா?... என்னது?... நிஜமா? யாரு பிடிச்சா?... யாரும் பிடிக்கலையா?... அண்ணன் பாத்துச்சா?... ம்... ம். வச்சிருதேன்."

ஃபேனை அமத்திட்டாராம்.

அந்த ஸ்விட்ச் நாற்காலியிலிருந்து எட்டாது ஆச்சி. எந்தித்து, நாலு எட்டு நடக்க வேண்டும். அண்ணன் டீ வாங்கக் கிளம்பின பிறகு, ரெண்டு விசில் அடித்துவிட்டுத் தானாக எந்தித்தாராம். "அவன் வந்ததும் அவன் முன்னாலயும் எந்திப்பேன், நீ அழாத"ன்னு சொல்லுதார். நான் அழல. போனில் நல்லாக் கவனித்துக் கேட்டேன். கடகட சத்தம் இல்லை. ஃபேன் நின்றிருக்கு, அது உண்மை. ஆனால் அண்ணனே போகும்போது அமத்திவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? எனக்காகப் பொய் சொல்லுகிற மனுஷன். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கார், இதே சிரிச்ச குரலில்.

என் கண்ணால் பார்க்கணும். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பிப் போறேன். அண்ணன் கத்தினால் கத்தட்டும். கதவுக்கு வெளியே நிற்பேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. விசில் சத்தம் வெளியே கேட்கும்.

இந்தாங்க உங்க பை. சீட்டு காலியாகுது. உங்களுக்காக நான் எந்திக்கல, இறங்கணும், அதான். ஆனா ஆச்சி, ஏறினதிலருந்து நானே பேசிட்டு வாரேன். உங்களுக்கு உக்காரணுமா, நிக்கணுமான்னு கேக்கவே இல்லை. முட்டி வலிக்கோ என்னவோ. கேக்காமலேயே நானா முடிவு பண்ணிட்டேன், இல்லையா?

இப்பக் கேக்கேன். உக்காருதீங்களா?

மெதுவாச் சொல்லுங்க. ஸ்டாப் போனாப் போகட்டும். நிக்கேன்.